வியாழக்கிழமைக் கட்டங்கள்

1987 அக்டோபர் 12, திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குப் படகுத்துறையில் தண்ணீரின் உப்பளவும் சூடும் எடுத்தேன். ஆறே காலுக்கு டீ. ஏழு மணிக்கு முந்தின நாளின் எடைச்சீட்டுகளை மணிவாரியாக அடுக்கினேன். எட்டரைக்கு நிலையத்தைத் திறந்து, கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல்களைச் சாத்தி, ஈரத்தை இழுக்க வைத்திருந்த சுண்ணாம்புக் கிண்ணத்தை மாற்றினேன். ஒன்பது மணிக்குப் புதிய எந்திரத்தில் புதிய கம்பைலரை ஏற்றினேன். குறிப்பேட்டில் இவ்வளவும் இருக்கிறது. அதற்குக் கீழே "பதினொரு பிழைகள்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்துக்கு மூன்று அறைகள். ஏரியில் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு இறால் பிடித்தார்கள் என்று கரையிலேயே எடை போட்டு எழுதுவது எங்கள் வேலை. எழுதியதைக் கூட்டிப் பட்டியலாக்க 1983-ல் ஒரு சிறிய கம்ப்யூட்டர் வந்தது. கடற்கரையோரம் வேறு இரண்டு ஊர்களிலும் இதே போன்ற நிலையங்கள் இருந்தன. அங்கே இருந்தவை வேறு வகை எந்திரங்கள். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. ஆகவே எந்திரத்துக்கு எந்திரம் மாறுகிற சில்லறை வேலைகளை மட்டும் தனியே பிரித்து, மூன்று நிலையங்களுக்கும் ஒரே பொது லைப்ரரியாக வைத்துக்கொண்டோம். பிளாப்பியில் எழுதுவது, திரையைத் துடைப்பது, தேதியை நாள் எண்ணாக மாற்றுவது போன்றவை அதில் இருந்தன. எந்திரம் மாறினால் லைப்ரரியை மட்டும் திருத்தினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம் என்பது ஏற்பாடு. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

பழைய எந்திரம் ஆகஸ்டில் உப்புக்காற்று அரித்து நின்றுபோனது. அக்டோபர் முதல் வாரத்தில்தான் மாற்று வந்தது. நாங்கள் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அதனுடன் வந்த கம்பைலர் எங்கள் கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. அவற்றை ஒன்றாக இணைக்கும் கடைசிக் கட்டத்தில்தான் தகராறு. சில வேலைகளைக் கூப்பிட்ட பெயர் எங்கும் இல்லை என்றது. வேறு சில பெயர்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன, எதை எடுப்பது என்றது. எதையும் எடுக்காமல் நின்றுவிட்டது.

பத்து மணிக்கு வாசலில் அந்த அம்மாள் வந்து நின்றாள். தோணிரேவுப் பக்கம் ஏரியோரமாகக் குடிசை போட்டிருந்த சில குடும்பங்களுக்காகப் பேசுகிறவள் அவள். அந்தக் குடும்பங்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டுமே.

"இன்னா சாரு, பொட்டி பேசுதா?"

"இன்னும் இல்லம்மா."

"நாளன்னிக்குக் கூட்டம். அது பேசலைன்னா நாங்க பேசி யாரு கேக்கப் போறாங்க?"

கூட்டம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஏரி வலைக்காரர்களுக்குப் பாடு பாடாகப் பிரிக்கப்பட்டிருந்தது; வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்த நாள், எந்தப் பாட்டில், யார் வலை கட்டலாம் என்று அவர்களே சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். கையால் பிடிப்பவர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை டவுனில் இறால் வாங்குகிற கொட்டகைகள் திறக்காது; தொழுகை நாள். வாங்க ஆள் இல்லாததால் அந்த ஒரு நாள் யாரும் வலை கட்டுவதில்லை. சும்மா கிடக்கும் அந்த ஒரு நாளில் கரையோரப் பாட்டில் இவர்கள் இறங்கிக்கொள்வது பல காலமாக நடந்தது. பிடித்ததைக் கூடையில் சுமந்து பொன்னேரி பக்கம் தெருவில் விற்பார்கள். இறாலுக்கு விலை ஏறிய பிறகு வலைக்காரர்களின் தலைவர் ஒரு மனுக் கொடுத்தார்: இவர்கள் எங்கள் முறை நாட்களிலும் இறங்குகிறார்கள், அடியோடு நிறுத்த வேண்டும். விசாரணை அதிகாரி, நிலையத்தின் பட்டியலைக் கொண்டு வாருங்கள், அது எதைக் காட்டுகிறதோ அதன்படி முடிவு என்று சொல்லியிருந்தார். கிழமைவாரியாக அப்படி ஒரு பட்டியலை நாங்கள் அதுவரை போட்டதே இல்லை. எங்கள் அறிக்கைகள் எல்லாம் வாரக் கணக்கு.

"நாங்க வேற நாள்ல கால் வெச்சதில்ல சாரு. உன் ஆளு எட போட்ட சீட்டு இருக்குதில்ல? அதப் பாத்து சொல்லச் சொல்லு."

"சொல்லும்."

"அந்த ஒரு நாளும் போச்சுன்னா அட்வான்ஸு வாங்கினு நேரா அரிசி மில்லுதான். எங்க மச்சான் ஊட்டுக்காரங்க போனாங்கோ. புள்ளைங்களோட. இன்னிவரைக்கும் திரும்பல." சொல்லிவிட்டு எந்திரம் இருந்த அறையை எட்டிப் பார்த்தாள். "ஜல்தியாப் பண்ணு சாரு. சாமி கும்புட்டா வேல செய்யும்னா சொல்லு, நான் கற்பூரம் கொண்ணாறேன்."

நான் சிரித்தேன். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். மதியம் மின்சாரம் குறைந்து திரை சுருங்கிவிட்டது. எந்திரத்தை அணைத்துவிட்டு, பதினொரு பிழைகளையும் தாளில் எழுதி, எது எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டேன். இல்லாத பெயர்கள் ஆறு. அவை பழைய கம்பைலர் தானாகக் கொடுத்துவந்த வேலைகள். புதியதில் அவற்றுக்கு வேறு பெயர். லைப்ரரியில் ஒரு சிறு கோப்பு சேர்த்துப் பழைய பெயரால் கூப்பிட்டால் புதியது ஓடும்படி செய்தேன். பதினொன்றரைக்கு ஆறும் தீர்ந்தன. மீதி ஐந்தும் இரட்டைப் பெயர்கள். பழைய கம்பைலரில் இல்லாததால் நாங்களே எழுதி வைத்துக்கொண்டவை. இப்போது அதே பெயரில் புதிய கம்பைலரும் கொண்டுவந்திருந்தது.

கரையில் எடை போடுகிறவர் சீட்டுக்கட்டுடன் உள்ளே வந்தார். டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பேச்சில் கேலி இல்லாமல் இருக்காது. நான் தலையில் கை வைத்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒரே பெயரில் இரண்டு பேர், அதனால் நிற்கிறது என்றேன்.

"இவ்ளோதானா சாரே? எங்க தெருவுல ஒரே பேருல நாலு பேரு கீறோம். போஸ்ட்மேன் பேஜாரே ஆவல. உனுக்கு ரெண்டு பேருக்கே மூச்சு வாங்குதா?"

"போஸ்ட்மேனுக்கு முகம் தெரியும். இதுக்குத் தெரியாது."

"அப்போ ஒருத்தன ஊரை வுட்டு அனுப்பிடு."

அதைத்தான் செய்தேன். அவர் சொன்னதற்காக அல்ல. கம்பைலரே கொடுக்கிற வேலையை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் லைப்ரரிக்கு நானே 1983-ல் எழுதிய விதி. ஐந்தையும் எடுத்தேன். அவற்றில் ஒன்று தேதியை நாள் எண்ணாக மாற்றுவது. மூன்று மணிக்குப் பிழை ஏதும் இல்லாமல் இணைந்தது. முந்தைய வருடத்தின் வாரக் கணக்குகளை ஓட்டி, பழைய அறிக்கையுடன் வரி வரியாக ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. திருத்திய லைப்ரரியின் பிரதிகளை இரண்டு பிளாப்பிகளில் எடுத்து, அட்டை வைத்துக் கட்டி, மூன்றே முக்காலுக்கு மற்ற இரண்டு நிலையங்களுக்கும் தபாலில் சேர்த்தேன்.

நாலரைக்குக் கிழமைவாரிப் பட்டியலை அச்சடிக்கக் கொடுத்தேன். அச்சு எந்திரம் கீச்சிட்டுக்கொண்டே ஒன்பது தாள் தள்ளியது. ஏழு கிழமைகளுக்கு ஏழு பத்தி. வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் கையால் பிடித்த இறாலின் எடை இருந்தது. எதிர்பார்த்ததுதான். வியாழக்கிழமைக் கட்டங்களிலும் இருந்தது. வாரம் தவறாமல் இருந்தது. சில வாரங்களில் வெள்ளியைவிட அதிகம்.

நான் அவசரப்படவில்லை. அலமாரியிலிருந்து எடைச்சீட்டுகளை எடுத்து எட்டு வாரங்களைச் சரிபார்த்தேன். சீட்டுகளும் அதையே காட்டின. வியாழன், மாலை ஐந்து இருபது, கையால் பிடித்தது, இவ்வளவு. வியாழன், மாலை ஐந்து நாற்பது, கையால் பிடித்தது, இவ்வளவு. எடை போடுகிறவரின் கையெழுத்து. அதற்குமேல் சந்தேகப்பட எனக்கு இடம் தெரியவில்லை. அந்த அம்மாள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: "வியாழனிலும் இறங்குகிறார்கள். வருத்தம். இருப்பதை மறைக்க எனக்கு உரிமை இல்லை." ஒன்பது தாளிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

புதன்கிழமை காலை ஏழு பத்து பஸ். அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா சாரு, மூஞ்சி ஒரு மாதிரியா கீது? பொட்டி சொல்லிச்சா?"

"சொல்லிடுச்சு. பட்டியல் பையில இருக்கு."

"நல்லா இருப்ப சாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொன்னேரி போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. "வியாழக்கிழமை ஏனம்மா இறங்கினீங்க?" என்று கேட்க எனக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. நான் கேட்கவில்லை. அதிகாரிக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியதைப் பஸ்ஸில் கேட்பது முறையல்ல என்று இருந்துவிட்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. ஒரு பக்கம் வலைக்காரர்களின் தலைவரும் அவர் ஊர் ஆட்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இவள் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். விரல் ஒரு பத்தியின் மேல் கீழே இறங்கியது.

"வியாழக்கிழமை வலைக்காரங்க முறை நாள்தானே?"

"ஆமாங்க" என்றார் தலைவர்.

"இதுல ஒவ்வொரு வியாழனும் இவங்க எடை இருக்கே. என்னம்மா, வேற நாள்ல கால் வெச்சதே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வியாழக்கிழமை பகல்ல எறங்கல சாரு. சாய்ங்காலம்தான எறங்குவோம்?"

"அதைத்தான் கேக்கறேன்."

"சாய்ங்காலம் வந்துட்டா வெள்ளிதான சாரு? அவுங்க வல எடுத்துப் போனப்புறம்தான எறங்குவோம். மக்யா நா, வெள்ளிக்கெழம, சாய்ங்காலத்துக்கு முந்தி ஏறிடுவோம். இத இன்னாத்துக்குக் கேக்குற?"

அப்போது எனக்குத் தெரிந்தது. 

பாடுகளில் நாள் என்பது சாயங்காலம் தொடங்கும். வலை கட்டுவது சாயங்காலம், எடுப்பது மறுநாள். ஆகவே ஒருவருடைய முறை இன்று நாலு மணியிலிருந்து நாளை நாலு மணி வரை. இது எனக்குத் தெரியாததல்ல. 1983 நவம்பரில் இதே தலைவர்தான் படகுத்துறையில் நின்று எனக்கு இதைச் சொன்னார். அன்றைக்கே லைப்ரரியில் தேதியை நாள் எண்ணாக்கும் வேலையை நான் திருத்தி எழுதினேன். வருடம், மாதம், தேதி ஆகிய மூன்றோடு நாலாவதாக மணியையும் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் என்றால் அடுத்த நாளாக எண்ணும். குறிப்பேட்டில் அதை ஒரு பக்கம் எழுதினேன். புரோகிராமுக்குள் ஒரு வரிகூட எழுதவில்லை. "நாள் எண்" என்று மட்டும் போட்டிருந்தேன். நான்கு வருடம் அது தன் பாட்டுக்கு வேலை செய்தது, நான் அதை மறந்தேன். அதே பெயரில் புதிய கம்பைலர் கொண்டுவந்தது மூன்று எண்களை மட்டும் வாங்குவது. நாலாவதாக நான் கொடுத்த மணியை அது தொடவே இல்லை. தொடவில்லை என்று சொல்லவும் இல்லை. வலையின் எடை பகலிலேயே விழும், நாலு மணிக்கு மேல் எடை விழுவது வியாழனில் மட்டும்; அது வெள்ளியிலிருந்து வியாழனுக்கு நகர்ந்தாலும் வாரக் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே என் ஒப்பிடல் எல்லாம் பொருந்தியது. எடைச்சீட்டிலோ காலண்டர் தேதியும் மணியும்தான் எழுதப்பட்டிருக்கும். அதுவும் பொருந்தியது.

எழுந்து சொன்னேன். பட்டியலில் தவறு, நாள் நள்ளிரவில் தொடங்குவதாக எண்ணப்பட்டுவிட்டது, பாடுகளில் நாள் சாயங்காலம் தொடங்குவது என்றேன். நாளைக்குத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

அதிகாரி என் கையெழுத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்களுடையதுதானே? நேத்து சரி, இன்னிக்குத் தப்பா? அப்ப நீங்க நாலு வருஷமா அனுப்பின அறிக்கை எது சரி, எது தப்பு?"

"அவை சரி. இது மட்டும்தான்."

"எப்படி நம்பறது?"

எனக்குப் பதில் இருந்தது, ஆனால் அது லைப்ரரி, இணைப்பு, நாலாவது எண் என்று போகும். தொடங்கினேன். இரண்டு வாக்கியத்துக்குள் அவர் கையை உயர்த்தினார். நான் தலைவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களே சொல்லுங்க. உங்க முறை சாயங்காலம்தானே மாறும்? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

அவர் நிதானமாகச் சொன்னார். "அது எங்க ஊருக்குள்ள சாரே. கவருமெண்டுக்கு எப்பவும் காலண்டருதான? நீயே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டு இப்ப என்னை சாட்சிக்கு இழுக்கிறியே."

அவர் ஆட்களில் ஒருவர் சிரித்தார். "பொட்டிக்குத் தெரிஞ்சது சாருக்குத் தெரில, நைனா."

உத்தரவு அங்கேயே தட்டச்சு செய்யப்பட்டது. அடுத்த மறுபரிசீலனை வரை கையால் பிடிப்பவர்கள் எந்த நாளும் பாடுகளில் இறங்கக் கூடாது. மீற மாட்டோம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் உறுதிமொழி வாங்க வேண்டும். ஏரிக்கரையில் இருக்கும் ஒரே அலுவலகம் எங்களுடையது என்பதால், மறுநாள் காலையே அவர்களுக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி அனுப்பும் வேலை எனக்குத் தரப்பட்டது. தாள்களை எண்ணிக் கொடுத்தார்கள். நானும் எண்ணி வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்து இருக்கையிலேயே வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ நேத்தே பாத்தியா சாரு, வியாழன்ல இருந்தத?"

"பார்த்தேன்."

"பாத்துட்டு இன்னா நெனச்ச?"

நான் உறுதிமொழித் தாள்களைப் பைக்குள் தள்ளினேன்.  பழவேற்காட்டில் இறங்கும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை எங்கள் நாள் எண் வேலையை மறுபடி லைப்ரரியில் சேர்த்தேன். வேறு பெயர் கொடுத்தேன். கூப்பிடுகிற இடங்கள் மூன்று, அவற்றையும் மாற்றினேன். தலைப்பில் பாட்டு நாள் பற்றி ஆறு வரி எழுதினேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ஓட்டியபோது வியாழக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரு கிலோகூட இல்லை. அவள் சொன்னது அப்படியே. அதை அச்சடித்து, விளக்கக் கடிதம் வைத்து அதிகாரிக்கு உறை தயார் செய்தேன். அனுப்பிய பிளாப்பியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மற்ற இரண்டு நிலையங்களுக்கும் எழுதினேன். அவர்கள் இருவரும் பதில் போட்டார்கள். அதிகாரியிடமிருந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி வந்தது: அடுத்த மறுபரிசீலனையின்போது கவனிக்கப்படும். மறுபரிசீலனை நடந்ததாக 1989-ல் நான் மாற்றலாகிப் போகும்வரை எந்தக் குறிப்பும் இல்லை. அதற்கு முன்பே அந்தக் குடிசைகளில் பாதி காலியாகிவிட்டன.

அக்டோபர் 15, வியாழக்கிழமை. ஆறு மணிக்கு அவர்கள் எல்லோரும் நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டதால், காலை வேலைகளை ஒத்திவைத்து முதலில் இதைச் செய்தேன். மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, உறுதிமொழியை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். அவள்தான் முதலில் எழுந்து வந்தாள். எந்த விரல் என்று கேட்டாள். இடது கட்டைவிரல் என்றேன். வருடக்கணக்காகச் சேற்றைத் தடவியதில் ரேகை தேய்ந்திருந்தது. தாளில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் விழுந்தது. துணியால் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன்.